சுமந்தவன் முகம்

1

இந்தக் கதை பிறந்தது பொறாமையில். மறைப்பானேன்? போரிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக எழுப்பப்படும் தேசிய நினைவுச்சின்னத்தின் களிமண் உருவத்தைச் செய்தித்தாளில் பார்த்தேன். குண்டடியில் ஒரு கால் சிதைந்த ஒருவனை இன்னொருவன் முதுகில் சுமந்து வருகிறான். அவ்வளவுதான். நான் நானூறு பக்கம் எழுதியும் சொல்ல முடியாமல் போனதை அந்தச் சிற்பி ஒரு வண்டி மண்ணில் சொல்லிவிட்டார். வயிறு எரிந்தது. அந்தச் சிலையில் ஏதாவது ஓட்டை கண்டுபிடிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: "நாட்டின் நன்றிக்கடன் வெண்கலமாக உருகி…"

[அமைச்சர் பேசுவதுபோல் இருக்கிறது. விட்டுவிட்டேன்.]

2

அந்தச் சிலைக்கு மாதிரியாக நிஜத்தில் இரண்டு பேர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். சுமந்தவரிலிருந்து தொடங்குகிறேன். படையில் அவரை ஒட்டகம் என்பார்கள்.* முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் சுமந்து வந்த ஆள், பிறகு அவருடைய தங்கையையே கட்டிக்கொண்டு வீட்டு மாப்பிள்ளை ஆனார். ஆக, சுமை இறங்கவே இல்லை.

(* உயரத்துக்காக வைத்த பெயர். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பீர்கள்.)

களிமண்ணில் மாப்பிள்ளையின் முகம் வானத்தைப் பார்த்திருந்தது. பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாம் அந்த முகத்தைப் பார்த்து உருகினார்கள். ஒட்டகத்தின் முகமோ தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. தொப்பி வேறு மறைத்தது. மிஞ்சியது தாடை மட்டும்.

ஒட்டகத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் பட்டறைக்குப் போய், முகத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள் என்று சிற்பி அம்மாளை நச்சரித்தார். சுமக்கிறவன் தரையைத்தான் பார்ப்பான் என்றார் அவர். ஒட்டகம் வீட்டுக்கு வந்து தங்கையிடம் குமுறினார். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் கணவர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

[தங்கைக்கு ஒரு காட்சி எழுதினேன். என்னைவிட நன்றாகப் பேசினாள். நீக்கிவிட்டேன்.]

3

மறுநாள் அச்சு எடுக்கப் போகிறார்கள். எடுத்துவிட்டால் முகத்தை மாற்ற முடியாது. ஒட்டகம் மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"சுமந்தவன் ஒருத்தன், பேர் வாங்குறவன் ஒருத்தனா? நான் நிமிந்துதான் தூக்கிட்டு வந்தேன். இப்பவே காட்டுறேன், பாருங்க மேடம்."

மாப்பிள்ளை செயற்கைக்காலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு முதுகில் ஏறிக்கொண்டார். ஒட்டகம் எழுந்து நடந்தார். நாலடி போவதற்குள் தலை தானாகக் கவிழ்ந்தது. முதுகில் இருந்தபடியே மாப்பிள்ளை பேசினார்.

"அன்னைக்கும் குனிஞ்சுதான் வந்த, மச்சான். ஆனா நானும் வானத்தப் பாக்கல. உன் காலத்தான் பாத்துட்டு வந்தேன். இவனுக்கு ரெண்டும் இருக்கேன்னு வயிறு எரிஞ்சுது. உயிரக் காப்பாத்திட்டுப் போறவன் மேலயே."

"இப்பவுமா?"

"தினமும்தான்."

ஒட்டகத்தின் கண்கள் கலங்

[பொய். கலங்கவில்லை.]

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். முப்பது ஆண்டுகளாகத் தன்னைப் பார்த்து ஒருவன் ஏங்கியிருக்கிறான். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

4

முடிவு ஒன்று: முகம் குனிந்தே இருக்கட்டும் என்கிறார் ஒட்டகம். (ஒரே நிமிடத்தில் நல்லவராகிவிடுகிறார். நம்ப முடியவில்லை. நானே இன்னும் ஆகவில்லை.)

முடிவு இரண்டு: சிற்பி மாப்பிள்ளையின் முகத்தையும் கவிழ்த்துவிடுகிறார். இரண்டு பேரும் ஒரே ஜோடிக் கால்களைப் பார்க்கிறார்கள். (இது நன்றாக இருக்கிறது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். மறுபடியும் பேர் அந்த அம்மாளுக்கே போய்விடும்.)

முடிவு மூன்று: ஒட்டகம்

[எழுத வரவில்லை.]

நீங்களே சொல்லுங்கள். யாருடைய முகம் தெரிய வேண்டும்? சிற்பி ஈரக் கையோடு காத்திருக்கிறார். கொஞ்சம் சீக்கிரம். "இறக்கி விடு மச்சான்" என்று மாப்பிள்ளை கெஞ்சிக்கொண்டிருக்கிறார். அறுபது தாண்டிய முழங்கால்கள் நடுங்குகின்றன. நீங்கள் சொல்லும்வரை இறக்க மாட்டேன் என்று நிற்கிறார் ஒட்டகம்.