பத்தாவது பாட்டும் டீக்கன் என்கிற நாயும்

மாலை ஐந்து இருபது. ஜூலை பத்தொன்பது. வெளியே நாஷ்வில் வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. உள்ளே, ஸ்டூடியோவில், லர்லீன் ப்ரூயிட் கம்பளி ஸ்வெட்டருக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் ஆல்பம் என்றால் இந்த ஊரில் ஜூலையில்தான் பாடியாக வேண்டும். அதில் அவளுக்குப் புகார் இல்லை. ஆனால் தயாரிப்பாளர் ட்ரிப், "குரல்ல குளிர் தெரியணும்" என்று சொல்லி ஏசியை இறக்கியிருந்தான். எல்லோருக்கும் கலைமான் போட்ட ஸ்வெட்டர். மூலையில் பிளாஸ்டிக் மரம். தரையெங்கும் சோப்பு நுரைப் பனி. டிரம்ஸ்காரர் காலையிலிருந்து இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டார்.

ஒன்பது பாட்டு முடிந்தது. பத்தாவது பாக்கி.

ஆறு மணிக்குள் அது முடிந்தால் லர்லீனுக்கு விடுதலை. போன வாரம் அவளையும் ஹாஸ்கலையும் கோர்ட் பிரித்துவிட்டது. ரெக்கார்ட் கம்பெனி பிரிக்கவில்லை. 'ப்ரூயிட் ஜோடி' என்ற பெயரில் பத்துப் பாட்டு, ஒவ்வொன்றிலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு குரலும், இன்று மாலை ஆறுக்குள். தவறினால் ஒப்பந்தம் தானாகவே இன்னும் இரண்டு வருஷம் நீளும். இரண்டு வருஷம் அதே பஸ், அதே மேடை, அதே மைக், அதே ஹாஸ்கல்.

தப்பினால் தனியாக ஒரு ஆல்பம். அவள் குரல் மட்டும்.

ஹாஸ்கலுக்கு அந்தத் 'தப்பினால்' பிடிக்கவில்லை. தனியாகப் பாடினால் அவனை மாட்டுச் சந்தையில்கூட மேடையேற்ற மாட்டார்கள். அது அவனுக்கே தெரியும். அதனால்தான் பத்தாவது பாட்டை நான் எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டு நாலு நாளாக இழுத்தடித்தான்.

"ஓடெல் அண்ணே, பாட்டு எங்கன்னு அந்தாளக் கேளுங்க."

ஸ்டீல் கிட்டாருக்குப் பின்னால் இருந்த ஓடெல்தான் வாத்தியக் குழுவுக்குத் தலைவர். நாற்பது வருஷ சர்வீஸ். ஒரு வாரமாக மாஜி தம்பதிக்கு நடுவே தபால்காரர்.

"ஹாஸ்கல், பாட்டு எங்கன்னு கேக்குது."

"பாக்கெட்ல இருக்குன்னு சொல்லுங்கண்ணே."

"நாலு நாளா பாக்கெட்லதான் இருக்கு. அதென்ன, அடைகாக்குதா?"

ஹாஸ்கலுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜீன்ஸ் பாக்கெட்டில் கையை விட்டான். ஏதோ ஒரு காகிதம் தட்டுப்பட்டது. எடுத்து, மடிப்புகூடப் பிரிக்காமல், கொடி மாதிரி ஆட்டினான். "இதோ! இப்போ என்ன சொல்றா?"

மறுபடி பாக்கெட்டுக்குள் போவதற்குள் ஓடெல் அதைப் பிடுங்கிவிட்டார்.

பிரித்தார். இடப்பக்கம் கொட்டை எழுத்தில் எண்கள். வலப்பக்கம் கோழி கிளறிய மாதிரி ஏதோ கிறுக்கல். கிறுக்கலை அவர் பார்க்கவே இல்லை. வார்த்தை பாடகர்கள் பாடு. நாற்பது வருஷத்தில் ஒரு பாட்டின் வார்த்தையைக்கூட அவர் படித்தது கிடையாது.

இந்த ஊர் வாத்தியக்காரர்களுக்கு எண் போதும், ஒவ்வொரு எண்ணும் சேர்ந்து ஒலிக்கும் ஒரு சுரக்கூட்டு. ஒன்று என்றால் வீடு. நாலு என்றால் வெளியே கிளம்பியாயிற்று. ஐந்து என்றால் திரும்பி வந்து வாசல்படியில் நிற்கிறாய், உள்ளே போயே ஆக வேண்டும். ஓடெல் எண்களை மட்டும் ஐந்து தாளில் நகல் எடுத்து, சீட்டு போடுவதுபோல் ஆளுக்கொன்றாக வீசினார்.

"அண்ணே, ஏழு போட்டிருக்கு," என்றார் டிரம்ஸ்காரர் பக்கத்திலிருந்த பிடில்காரர். "காதுல முள்ளு மாதிரி குத்துமே, கிறிஸ்துமஸ் பாட்டுல ஏழா?"

"தைரியசாலிய்யா ஹாஸ்கல். வாசி."

"எட்டும் போட்டிருக்கே!"

"எட்டுன்னா ஒண்ணுதான். மாடியில குடியிருக்கு. வாசிய்யா."

வாசித்தார்கள்.

லர்லீன் உறைந்து போனாள். குளிரால் அல்ல. ஒன்று, நாலு, ஐந்து, ஒன்று, ஆறு, இரண்டு என்று நடந்து, ஏழில் தடுக்கி, எட்டில் எழுந்து, அது ஒரு மாதிரி நெஞ்சைப் பிசைந்தது. இந்த மனுஷனா எழுதினான்?

வார்த்தைக்காக ஓடெலின் ஸ்டாண்டிலிருந்த மூலக் காகிதத்தை எடுத்தாள். படித்தாள்.

1 இரும்பு வாணலி, லர்லீன். 4 நாற்காலி, ஹாஸ்கல். 5 கோழி, லர்லீன். 1 டிராக்டர், ஹாஸ்கல். 6 போர்வை, லர்லீன். 2 மரம் அறுக்கும் ரம்பம், 7 தூண்டில், ஹாஸ்கல். 8 பீங்கான் தட்டு, லர்லீன். 5 ஊறுகாய் ஜாடி, ஹாஸ்கல்.

வீட்டுச் சாமான் பிரிக்கும் பட்டியல்! கடைசியில் எண்ணே இல்லாமல் ஒரு வரி: நாய் டீக்கன், யாருக்கு? அந்த ஒரு வரியில்தான் மூன்று வக்கீல் சந்திப்பு நாசமாகியிருந்தது.

ஹாஸ்கலும் எட்டிப் பார்த்தான். முகம் சோப்புப் பனி நிறமானது. "ஐயோ, அது பாட்டில்ல!"

மணி ஐந்து நாற்பத்தி மூன்று.

"ட்ரிப்! சிவப்பு லைட்டைப் போடு," என்றாள் லர்லீன். "ரெக்கார்ட் பண்ணு."

பாடினாள். வாணலி எனக்கு, நாற்காலி உனக்கு. கோழி அஞ்சும் எனக்கு, டிராக்டர் உனக்கு. ஹாஸ்கல் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தான். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவள் பாடினால் கீழ்க்குரல் அவனுக்குத் தும்மல் மாதிரி தானாக வந்துவிடும். முதல் வரியிலேயே வந்தது. ஊறுகாய் ஜாடி வரை நிற்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் ட்ரிப் அழுதுகொண்டிருந்தான். "பரிசு குடுக்கிற பாட்டுடா சாமி! கோழியெல்லாம் குடுக்கறாங்கடா!"

ஜாடி ஐந்து. எண் அத்தோடு தீர்ந்தது. குழு ஐந்திலேயே நின்றது. வாசல்படி. ஒன்றுக்கு யார் கூட்டிப்போவது? பாடுகிறவர்தான். மீதி இருப்பது நாய்.

"ஐந்து... ஐந்து... ஐந்து..." ஓடெல் நெற்றியில், அந்தக் குளிரிலும், வேர்வை. "யாராவது உள்ள கூப்பிடுங்கம்மா, கை விட்டுப்போகுது!"

ஹாஸ்கலுக்குப் புரிந்துவிட்டது. நாய்க்கு முடிவு இல்லையென்றால் பாட்டுக்கு முடிவு இல்லை. பாட்டுக்கு முடிவு இல்லையென்றால் இரண்டு வருஷம். ஸ்வெட்டர் கழுத்தை இழுத்து வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டான். கண் மட்டும் சிரித்தது.

ஐந்து ஐம்பத்தைந்து.

டீக்கன். தினமும் அவள் பாதத்தில் தலையை வைத்துத் தூங்கும் பழுப்பு நாய். லர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டீக்கனும் உனக்கே..." என்று பாடினாள். ஹாஸ்கலின் ஸ்வெட்டர் அசையவில்லை. கம்பளியை மீறித் தும்மல் வரவில்லை.

மறுபடி பாடினாள். இந்த முறை சுருதியை வேண்டுமென்றே கால் இழை கீழே இறக்கினாள். ஓடெல் முகத்தைச் சுளித்தார். பிடில்காரர் கண்ணை இறுக மூடினார். ஹாஸ்கலின் கழுத்து நரம்பு புடைத்தது. சுருதி விலகினால் சர்ச்சில்கூட எழுந்து நின்று பாதிரியாரைத் திருத்துகிறவன் அவன். லர்லீன் இன்னும் ஒரு இழை இறக்கி, அதை அப்படியே நீட்டினாள். நீட்டிக்கொண்டே போனாள்.

கம்பளி தெறித்தது. "டீக்கனும் எனக்கே!" சுத்தமான சுருதியில் ஹாஸ்கல் அலறினான்.

டமால்! குழு முழுக்க ஒன்றில் விழுந்தது. டிரம்ஸ்காரர் மறுபடி வழுக்கினார். ஐந்து ஐம்பத்தெட்டு.

ட்ரிப்பின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "அருமை! ஆனா லர்லீன், கடைசி சுருதி கொஞ்சம்... கேக்கவே கூசுது. உலகமே கேக்கும். இன்னொரு தடவை பாடிடலாமா?"

"பாடலாம், பாடலாம்!" ஹாஸ்கல் துள்ளினான். "மெதுவா, நிதானமா, ஆறரைக்கு மேல பாடலாம்!"

அடுத்த வருஷம் தனியாக நிற்கப்போகிறவளின் கடைசி ஜோடிக் குரல், ஊர் ஊராக, கடை கடையாக, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ், சுருதி தப்பியே கேட்கும். அது லர்லீனுக்குத் தெரியும். ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள்.

"ஒப்பந்தத்துல பாடணும்னுதான் இருக்கு ட்ரிப். நல்லாப் பாடணும்னு இல்ல."

கதவருகே போனபோது ஹாஸ்கல், ஓடெலை நடுவில் வைக்காமல், அந்த வாரத்தில் முதல் தடவையாக நேராகக் கேட்டான்.

"ஏய் லர்லீன், டீக்கன் உன் கால்ல தலை வெச்சுத் தூங்குமே, எந்தக் கால்ல?"

"இடது கால்," என்றாள். "மரத்துப்போகும். அசைக்காதே, கடிச்சிடும்."