இரண்டு முகங்களுக்கு ஒரு கட்டம்

1

இந்தக் கதை ஓர் அரசு அலுவலகத்தின் காத்திருப்பு நாற்காலியில் கிடைத்தது. என் காரியமாகப் போயிருந்தேன். பக்கத்து ஜன்னலில் ஓர் அம்மாள் அதிகாரியிடம், "நான் நான்தான் சார். அவ அவதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது கொஞ்சம், மீதி நான் கட்டியது. ஒரு வரிக்கு ஒரு கதையா என்று கேட்காதீர்கள். கிடைத்த பொத்தானுக்குச் சட்டை தைத்தவர்களும் உண்டு.

2

முதல் தொடக்கம்: பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்...

[அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல் படிக்கிறவர்களுக்கு வரும் வியாதி. இந்தக் கதை நடக்கும் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருப்பது துணிக்கொடியும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான்.]

இரண்டாவது: தனியாக வாழ்ந்த ஒரு பெண்...

[இதையும். வசதிக்காக அக்காவையும் தங்கையையும் ஒரே பெண்ணாக்கியிருந்தேன். ஆள் குறைந்தால் சிக்கல் குறையும் என்பது எழுதுகிறவர்களின் கணக்கு. கதையில் வரும், முகம் பார்த்து ஆளைச் சொல்லும் அரசாங்க இயந்திரமும் அதையே செய்தது என்பது பிறகுதான் உறைத்தது.]

3

ஆக, இரண்டு பேர். ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள்; உரித்து வைத்தது போல ஒரே முகம். அக்கா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. தங்கையும் அதே அறையில். அக்காவைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் அரசாங்கம் தினமும் ஒரு பராமரிப்புப் பெண்ணை அனுப்பியது. புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தங்கை ஒருத்தியால் அது ஆகாது.

அந்தப் பெண் வந்ததும் நோயாளியின் முகத்தைக் கைபேசியில் படம் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வந்ததாகக் கணக்கு. கண்களைச் சிமிட்டச் சொல்லும் கைபேசி. அக்காவுக்கு ஒரு கண்தான் சிமிட்டும். வாயும் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். கைபேசி விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

"சின்னம்மா, நீங்க வந்து உட்காருங்க," என்றாள் அவள் ஒரு நாள். "முகம் ஒண்ணுதானே."

தங்கை சிமிட்டினாள். பச்சை விழுந்தது. படுக்கையிலிருந்து அக்கா குழறியபடி, "பள்ளிக்கூடத்துலயும் என் ஊசிய இவதான் போட்டுக்கிட்டா" என்றாள். மூவரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று.

(அவர்களைக் குற்றம் சொல்லி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். ஆறுகிற வெந்நீருக்கு முன்னால் அது நிற்கவில்லை.)

4

தங்கைக்குக் கண்ணில் புரை. அரசுத் திட்டத்தில் அறுவை சிகிச்சைக்குப் பதியப் போனாள். கேமரா முன் சிமிட்டியதும் திரை அவளை அடையாளம் கண்டுகொண்டது: படுத்த படுக்கையான நோயாளி. நடந்தே வந்திருக்கிறார். வீட்டுப் பராமரிப்பு அந்த நிமிடமே நின்றது.

இந்த இடத்தில் ஒரு கல்நெஞ்சு அதிகாரி இருந்தால் எனக்கு வசதி. ஆனால் நான் பார்த்தவர் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், பொறுமையாகக் கேட்டார். தினமும் போன படங்களால் இயந்திரம் தன் நினைவைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது, அக்கா என்றால் அதற்கு இப்போது தங்கையின் முகம்தான் என்று விளக்கினார்.

"நீங்க ரெண்டு பேருன்னு எனக்குப் புரியுதும்மா. ஆனா எனக்குப் புரிஞ்சதை எழுத இதுல இடம் இல்ல."

"எங்கப்பாவும் எங்கள மாத்தி மாத்தித்தான் அடிப்பாரு சார்," என்றாள் தங்கை. "ஆனா அவருகிட்ட கத்திச் சொன்னா கேட்டுக்குவாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டிலிருந்தே கைபேசியில் அக்காவின் முகத்தைப் புதிதாகப் பதிய ஒருமுறை அனுமதி வாங்கித் தந்தார். ஒரே ஒரு முறை.

5

முடிவு அ: மேலிடம் தலையிட்டு எல்லாம் சரியானது. [நானே நம்பவில்லை.]

முடிவு ஆ: தங்கை இனி அக்காவாகவே... [அவள் கண் என்ன ஆவது?]

முடிவு இ: பராமரிப்புப் பெண் யாரும் அனுப்பாமலே வந்தாள். இரண்டு பேரையும் சேர்த்துக் காட்டினால் எந்த மடையனுக்கும் விளங்கும் என்பது அவள் யோசனை. தங்கை குனிந்து அதே தலையணையில் கன்னம் வைத்தாள். கைபேசி உயர்ந்தது. திரையில் ஒரு கட்டம் இந்த முகத்துக்கும் அந்த முகத்துக்குமாக அலைந்தது. பிறகு எழுத்து வந்தது: படத்தில் ஒருவர் மட்டும் இருக்கவும்.

தங்கை விலகினால், ஒரு கண் மட்டும் சிமிட்டும் முகத்தை இயந்திரம் ஏற்காது; கிடைத்த ஒரு முறையும் போய்விடும். அக்கா விலகினால்... அக்காவால் விலக முடியாது. அதற்குத்தான் ஆள் கேட்கிறார்கள்.

"நீ நகருடி," என்றாள் அக்கா.

"ஏன், நீ நகரேன்."

இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. ஒரு வாய் நேராகச் சிரித்தது, ஒரு வாய் கோணலாக. கட்டம் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறது.

பராமரிப்புப் பெண்ணுக்குக் கை கடுக்கிறது. கைபேசியைக் கொஞ்சம் நீங்கள் பிடியுங்கள். பொத்தானை அழுத்த வேண்டாம். திரைக்கு மேலாக எட்டி, அவர்களைப் பாருங்கள். யார் அக்கா என்று தெரிகிறதல்லவா?

சரி, அதை எங்கே எழுதுவீர்கள்?