எஸ், டோ, பெல்

"எஸ்... டோ... பெல்." ஈப்போ நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்து மங்களம் காற்றில் கையசைத்துக்கொண்டிருந்தாள். 'எஸ்'ஸுக்கு ரப்பர் மரத்து வெட்டுக்கோட்டில் காய்ந்த பாலை உரிப்பது. 'டோ'வுக்குப் பட்டையைச் சீவுவது. 'பெல்'லுக்குப் பால் வடியும் கோப்பையை நிமிர்த்தி வைப்பது. முழுசாய் 'எஸ்டோப்பெல்' என்று சொன்னால் தொண்டையில் நிற்கிற சட்டச் சொல், பால்மரம் வெட்டிய கைக்கு மட்டும் வசப்பட்டது.

வக்கீல் ஷார்மேன் சொல்லியிருந்தாள்: "கடைசிவரைக்கும் இருந்துக்குங்கன்னு பழைய மேனேஜர் சொன்னதை நம்பித்தானே ஆன்ட்டி, தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கல்லுச் சுவரு வச்சீங்க? இப்ப காலி பண்ணுங்கன்னு கம்பெனி பேச்சு மாற முடியாது. அதுக்குத்தான் இந்தப் பேரு. நீதிபதி ஒத்துக்கிட்டா வீடு நிக்கும்."

அடுத்த வீட்டு லூர்துசாமி சிரித்தார். "தீர்ப்பு மலாய்லதான் வரும். ஒனக்கெதுக்கு லா இந்த மந்திரம்?"

"மலாய்லயும் அதே பேருதாண்ணே. பேரு தெரியாத ஒண்ணு என் வீட்டைக் காப்பாத்தக் கூடாது."

நீதிபதியம்மாள் தீர்ப்பை வாசித்தார். அந்தச் சொல் வந்தது, முன்னால் 'தியாடா'வோடு. மலாயில் இல்லை என்று அர்த்தம். லயத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசை மொத்தமும் வாடிப்போயிற்று. லூர்துசாமி சிலுவை போட்டுக்கொண்டார். ஷார்மேன் திரும்பி, "அது கம்பெனி சொன்னது, முடிவு இன்னும் வரல," என்று கிசுகிசுத்தாள்.

பிறகு தீர்ப்பில் சுவர், சமையல்கட்டு, பலாமரம் என்று ஒவ்வொன்றாக வந்தது. யாரோ தன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல இருந்தது மங்களத்துக்கு. ஆகவே கம்பெனி வாக்கு மாற முடியாது என்று முடித்து, அந்தச் சொல்லை நீதிபதி அழுத்திச் சொல்லி நிறுத்தினார்.

விடியற்காலைப் பெரட்டில் தோட்டத்துக் கிராணி ஆள்கணக்குக்குப் பேர் கூப்பிட்டதும் குரல் கொடுத்த அதே வேகத்தில் மங்களம் எழுந்தாள்.

"இருக்கேன்யா!"

"இருக்கேன்யா!" என்றார் லூர்துசாமி. வரிசை முழுக்க எழுந்தது. போலீஸ்காரர் கையைக் காட்டி அமர்த்தப் பார்த்தார், யார் கேட்டது?

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் நீதிபதி.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். "இருக்கிறார்களாம், யாங் ஆரிப்," என்று நீதிபதிக்குரிய மலாய் மரியாதையோடு சொன்னார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அந்த வரிசையைப் பார்த்தார். "தெரிகிறது. உட்காரச் சொல்லுங்கள்."

வெளியே வெயில் கொளுத்தியது. "அப்பீல் போவாங்க ஆன்ட்டி," என்றாள் ஷார்மேன்.

"அப்... பீல்," மங்களம் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டு வெட்டுதான். போவட்டும்."

படியிறங்கும்போது அவள் வலது கை தன்பாட்டில் முன்னால் நீண்டது. விரல்கள் வளைந்து, இல்லாத ஒரு கோப்பையை மெல்ல நிமிர்த்தி வைத்தன.