பூசிய முகம், பூசாத கை

காரைதீவுச் சந்தியில் ஆட்டோ திரும்பியபோது அந்த வீடியோவை அறுபதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். சம்மாந்துறையைத் தாண்டும்போது எழுபதாயிரம். பாஹிமா போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். வைத்த கை வைத்தபடி நிற்கவில்லை. மறுபடி எடுத்தாள்.

"பாத்துப் பாத்து நீயே ஏத்திவிடாத புள்ள," என்றான் ஆட்டோவை ஓட்டிய அவளுடைய அண்ணன் காலிதீன்.

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க காக்கா."

வீடியோ மொத்தம் பத்தொன்பது விநாடிதான். வயல் வரம்பில் ஒரு பொடியன் நிற்கிறான். மூக்கும் கன்னமும் சிவந்து, மேல்தோல் சுருண்டு உரிந்து கிடக்கிறது. படம் எடுப்பவனுடைய குரல் மட்டும் கேட்கிறது: "பாருங்க மக்களே, சாய்ந்தமருது பாஹிமா ராத்தாட சன் கிரீம் பூசின மாப்பிள்ளட மூஞ்சை!" பிறகு நாலைந்து பேர் சிரிக்கிறார்கள். கடைசியில் அவளுடைய பெயர் ஒட்டிய கிரீம் டியூப்.

பாஹிமாவுக்கு இருபத்திரண்டு வயது. கல்முனையில் ஒரு பாமசியில் எட்டு மாதம் வேலை செய்துவிட்டு, பிறகு வீட்டிலிருந்தே வெயில் கிரீம் விற்கத் தொடங்கியவள். டிக்டொக்கில் முகம் காட்டமாட்டாள். இரண்டு கையை மட்டும் காட்டி, புறங்கையில் பூசிப் பூசிக் கதைப்பாள். அந்தக் கைக்கு இந்தக் கரையில் நல்ல பெயர் இருந்தது. நேற்று இரவோடு அது போயிற்று. காலையில் மூன்று பேர் டியூபைக் கொண்டுவந்து கேற்றில் வைத்துவிட்டுப் போனார்கள். அவளுக்குச் சாமான் கொடுக்கும் கல்முனைக் கடைக்காரர் ஷரிபுதீன் போன் எடுத்து ஒரே ஒரு வசனம் சொன்னார்: "பின்னேரத்துக்குள்ள அந்தப் பொடியன் வாயாலயே கிரீம்ல பிழையில்ல என்டு செல்ல வைங்க தங்கச்சி. இல்லாட்டி இனி சாமான் இல்ல."

வீடியோவுக்குக் கீழே ஊரே கூடியிருந்தது. ஆம்புளைக்கு எதுக்குக் கிரீம் என்று ஒருவன். வெயில் இறைவன் தந்தது, அதை மறைக்கப் போனால் இப்படித்தான் என்று இன்னொருவன். தேங்காயெண்ணெயே போதும் என்றாள் ஒருத்தி. எங்கட வாப்பா முப்பது வருசமா வயலில நிக்கார், ஒரு கிரீமும் பூசினதில்ல என்று எழுதியவனுடைய படத்தில் அவன் குளிர்கண்ணாடியும் தொப்பியும் போட்டு நிழலில் நின்றான். கிரீமில்தான் புற்றுநோய், வெயிலில் இல்லை என்று கொரியாக்காரி யாரோ சொன்னதை ஒருவன் ஒட்டியிருந்தான். அதற்கு மட்டும் நாலாயிரம் இதயம்.

இறக்காமத்தில் கேட்டு விசாரித்து வயல் வட்டைக்குள் இறங்கியபோது பகல் பதினொரு மணி. சிறுபோக விதைப்புக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். வயல் முழுக்கக் கண்ணாடிபோல் மின்னி வெயிலைத் திருப்பி முகத்தில் அடித்தது. ஆறேழு பொடியன்கள் முழங்கால் சேற்றில் நின்று வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவைக் கண்டதும் ஒருவன் மண்வெட்டியை நட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"மச்சான், கிரீம் கம்பனி வந்திட்டுடா!"

வீடியோவில் கேட்ட அதே குரல். அதைப் போட்ட பக்கத்தில் சப்ரி என்று பெயர் இருந்தது.

"நீங்கதான் சப்ரியா?" என்றாள் பாஹிமா.

"ஓம். ஏன், எனக்கும் ஒரு டியூப் தரப் போறீங்களா?"

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாமே."

"நான் என்ன செய்ய? போட்டன். மக்கள் பாக்காங்க."

காலிதீன் சண்டைக்குச் சாரத்தை மடித்துக் கட்டினான். பாஹிமா அவனைக் கையால் தடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்ற, வீடியோவில் முகம் உரிந்து கிடந்தவனிடம் போனாள். சட்டையைக் கழற்றித் தலையில் போட்டிருந்தான். ஹிஷாம் என்று பெயர். விதைப்பு முடியக் கலியாணம், பெண் மருதமுனை. அவளைப் பார்த்து அவன் கோபப்படவில்லை. வெட்கப்பட்டான். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எப்பிடிப் பூசினீங்க?"

"நீங்க வீடியோவில செல்லின மாதிரித்தான். விடியச் சாமம் ரெண்டு விரல் அளவு."

"பகலைக்கு மறுகா ஒருக்கா பூசினீங்களா?"

"இந்தச் சேத்துக் கையாலயா?"

பொடியன்கள் சிரித்தார்கள். பாஹிமா சிரிக்கவில்லை. மண்வெட்டிப் பிடியில் இருந்த அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையக் காட்டுங்க."

அவன் நீட்டினான். புறங்கை வீங்கி, கொப்புளம் உடைந்து நீர் கசிந்தது. முகத்தைவிட இரண்டு மடங்கு மோசம். வெறும் தோளும் அப்படித்தான். பிடரியும்.

"கைக்கு என்ன பூசினீங்க?"

"கைக்கு ஏன் பூச? கலியாணத்தில மூஞ்சையத்தானே படம் எடுப்பாங்க."

"அப்ப கிரீம் பூசாத கைதான் கூட எரிஞ்சிரிக்கி."

சப்ரி எட்டிப் பார்த்தான்.

"நகத்துக்குள்ள நோகுதா?" என்று கேட்டாள்.

ஹிஷாம் திடுக்கிட்டான். "ஓம். ரெண்டு நாளா. எப்பிடித் தெரியும்?"

"என்ன குளிசை போடுறீங்க?"

"நோய் வருத்தம் ஒன்டும் இல்லயே. எலிக்காய்ச்சலுக்குத் தந்தது மட்டும்தான்."

பாமசியில் நின்ற காலத்தில் அந்த மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் கடதாசியை அவள் வாசித்திருக்கிறாள். வெயிலில் நிற்கும்போது கவனம், தோல் எரியும், நகமும் நோகும் என்று அதில் இருந்தது. வயல்காரனுக்குத்தான் அந்தக் குளிசை. வயல்காரனைத்தான் வெயிலில் கவனமாக நிற்கச் சொல்லியிருந்தது. அப்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"கிழமைக்கு ரெண்டுதானே தருவாங்க. அதுக்கு இப்பிடி எரியாதே. எத்தின போட்டீங்க?"

ஹிஷாம் நண்பர்களைப் பார்த்தான். அவர்கள் சேற்றைப் பார்த்தார்கள். மெல்ல மெல்லத்தான் வந்தது. குளிசை போட்டால் வயிறு எரியுது என்று நாலு பேர் தங்களுடைய பங்கை அவனிடம் கொடுத்துவிட்டார்கள். அவனுக்கோ பயம். அடுத்த வயல் கண்டத்தில் வேலை செய்த இரண்டு பேர் எலிக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். கலியாணம் வேறு கிட்டுது. கிழமைக்கு ரெண்டு போட்டாலே தப்பலாம் என்றால் நாளைக்கு ரெண்டு போட்டால் ஒன்றும் அண்டாது என்று நினைத்திருக்கிறான். ஐந்து நாளில் பத்து.

"நீ மாடாடா?" என்றான் காலிதீன்.

அந்த நேரம் வரம்பில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அந்த வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை இப்றாஹிம். குளிசையை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவரும் அவர்தான். நடந்ததைக் கேட்டதும் அவருடைய முகம் மாறியது.

"புள்ள, உங்களுக்கு அநியாயம் நடந்திரிக்கி. ஓம். ஆனா குளிசை என்ட சொல்லு மட்டும் வெளிய போகப்படாது. கெஞ்சிக் கூத்தாடித்தான் இவனுகள்ட வாயில வைக்கிறம். 'குளிசை மூஞ்சைய எரிச்சிட்டு' என்டு ஒருத்தன் செல்லினா, இந்தக் கண்டம் முழுக்கக் குளிசை தண்ணியிலதான் கிடக்கும். ஆஸ்பத்திரியில ஒருத்தன் மூத்திரம் போகாமக் கிடக்கான். பொஞ்சாதி வாசல்ல நிக்கா. அத யோசிங்க."

பாஹிமா யோசித்தாள். டிக்டொக்கை அவளுக்குத் தெரியும். இரண்டு நிமிசம் கதைத்தால் அதில் எட்டு விநாடியை வெட்டி எடுப்பான். அந்த எட்டு விநாடிதான் ஊருக்குப் போகும்.

கடைசியில் ஒரு வழி கண்டார்கள். ஹிஷாம் போனைப் பார்த்துச் சொன்னான்: "கிரீம்ல பிழையில்ல. நான் வேற ஒரு மருந்த அளவு மீறிப் போட்டுட்டன். பிழை எனக்குத்தான்." அவ்வளவுதான். சிக்னல் கிடைக்க வரம்பின் உயரமான இடத்தில் ஏறி நின்று பாஹிமா அதைத் தன்னுடைய பக்கத்தில் ஏற்றினாள்.

ஐந்து நிமிசத்தில் காற்று மாறியது. கிரீம் நல்லம்தான் போல என்றார்கள். நான் அப்பவே செல்லினன் என்றார்கள். ஷரிபுதீன் பெருவிரல் படம் ஒன்றை அனுப்பினார். பாஹிமாவுக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. ஒரு நிமிசம்தான்.

பிறகு ஒருவன் கேட்டான்: என்ன மருந்து மச்சான்?

பெயர் சொல்ல மாட்டான் என்றால் விளங்காதா என்றான் அடுத்தவன். கலியாணத்துக்கு முன்னமே பழகுறான் போல. அந்த நீலக் குளிசையா மச்சான்? ஒன்டு போட்டாப் போதுமே, ஏன் அளவு மீறின? மருதமுனைப் புள்ள பாவம். இல்ல, குடுத்து வைச்சது. சிரிக்கும் முகங்கள் வரிசை வரிசையாக விழுந்தன.

சப்ரி வாசித்துவிட்டு வரம்பிலேயே குந்திச் சிரித்தான். "வல்லாஹி, எனக்கு ஏலாது மச்சான்!"

ஏற்கெனவே சிவந்திருந்த ஹிஷாமின் முகம் இன்னும் சிவந்தது. பாஹிமா 'அது அந்த மருந்தில்ல' என்று எழுதத் தொடங்கினாள். காலிதீன் போனைப் பறித்தான்.

"உனக்கென்ன விசரா? உனக்கு எப்பிடித் தெரியும் என்டு கேப்பானுகள். கைய எடு."

ஹிஷாம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினான். "உங்கட வேல முடிஞ்சிதானே. கிறுகி ஊருக்குப் போங்க," என்றான். அவளைப் பார்க்காமல் சொன்னான்.

காலிதீன் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினான். வந்த காரியம் முடிந்துவிட்டது. பாஹிமா ஏறவில்லை. இரண்டு அடி ஆட்டோப் பக்கம் வைத்தாள், நின்றாள், திரும்பினாள்.

"விதானைக் காக்கா, இது சரிவராது. முழுசாச் செல்லுவம்."

"நான் செல்லினனே புள்ள…"

"குளிசை எரிக்கல்ல. அஞ்சி பேர்ட குளிசைய ஒருத்தன் போட்டதுதான் எரிச்சிரிக்கி. அந்த அஞ்சி பேரும் சேந்து நிண்டு செல்லட்டும். மத்த நாலு பேரும் அவங்கவங்கட பங்க வீடியோவிலயே போடட்டும். ஒரே மூச்சில, வெட்டாம."

"அஞ்சி பேரா? ஆரு மத்த நாலு பேரு?" என்றார் இப்றாஹிம்.

ஹிஷாம் சேற்றிலிருந்தே கையை நீட்டினான். முதலில் சப்ரியை நோக்கி.

சப்ரியின் சிரிப்பு நின்றது. "மச்சான், நான் உன்ட நல்லதுக்குத்தானே தந்தன்."

"நல்லதுக்குத் தந்து, எரிஞ்சத வீடியோவும் எடுத்தாய்."

"எனக்குத் தெரியுமா அதாலதான் என்டு? வயிறு எரியுதுடா அதப் போட்டா."

"வெறும் வயித்தில போட்டா எரியும்தான்," என்றாள் பாஹிமா. "சோத்தத் தின்னுட்டுப் போட்டு, தண்ணி நிறையக் குடிங்க. கோப்ப நிறைய."

"சரி, போடுறன். என்னப் படம் மட்டும் எடுக்காதீங்க."

"ஏன்? மக்கள் பாப்பாங்களே."

காலிதீன் வாய்விட்டுச் சிரித்தான். இப்றாஹிம் மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து குளிசை அட்டையை எடுத்தார். அதைக் கண்டதும் இரண்டு பேர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கண்டத்துக்கு நடந்தார்கள். கூப்பிட்டும் திரும்பவில்லை. சப்ரியும் இன்னொருவனும் மிஞ்சினார்கள். சோற்றுப் பார்சலை அவிழ்த்துப் பாதி தின்றார்கள். ஹிஷாம் நடுவில் நின்று வீங்கிய இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் பிடித்தான். பூசினது எது, பூசாதது எது என்று காட்டினான். ஐந்து நாளில் பத்துப் போட்டேன் என்றான். சப்ரி தலையைக் குனிந்துகொண்டு, "அதில என்ட ரெண்டும் இரிக்கி," என்று சொல்லிவிட்டு, தன்னுடைய இரண்டையும் விழுங்கி வாயைத் திறந்து காட்டினான். இப்றாஹிம் பக்கத்தில் நின்று, கிழமைக்கு ரெண்டுதான், கூடவும் போடாதீங்க, போடாமலும் விடாதீங்க என்று மூன்று தரம் சொன்னார்.

அதை ஏற்றுவதற்கு முன் பாஹிமா தன்னைக் காப்பாற்றிய முதல் வீடியோவை அழித்தாள். விரல் கொஞ்சம் தயங்கியது. அழித்தாள்.

"உன்ட பழசையும் அழி," என்றான் ஹிஷாம் சப்ரியிடம்.

"அழிக்கலாம் மச்சான்… எண்பதாயிரம் வந்திட்டு. பின்னேரம் அழிக்கிறன்."

ஹிஷாம் அவனுடைய போனைப் பிடுங்கி அழிக்கப் பார்த்தான். கொப்புளத்து நீர் பட்ட விரலுக்குத் திரை வேலை செய்யவில்லை. சப்ரி வாங்கிக்கொண்டு ஓடினான்.

ஹிஷாமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி இப்றாஹிம் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அவன் முன்னால், காலிதீனுடைய சீற்றிலேயே பாதியில் ஒட்டிக்கொண்டு இருந்தான். பின்னால் பாஹிமா, தன் கறுத்தக் குடையை விரித்து அவன் பக்கம் வெயில் விழாமல் சாய்த்துப் பிடித்தாள். காற்றில் குடை உள்ளேயும் வெளியேயும் அடித்துக்கொண்டு நின்றது.

புதிய வீடியோவை நூறு பேர்கூடப் பார்த்து முடிக்கவில்லை. மூன்று நிமிச வீடியோவை யார் பார்ப்பார்கள். அவள் அழித்த வீடியோவை மட்டும் யாரோ முன்னமே எடுத்து வைத்து, நீலக் குளிசைக் கதையோடு வேறு பக்கத்தில் ஓட விட்டிருந்தார்கள்.

ஹிஷாமுடைய போன் அடித்தது. பெண்ணின் காக்கா. அவன் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடு," என்றான் காலிதீன். "எடுக்காட்டி உண்மை என்டு நினைப்பான்."

அதே நேரம் பாஹிமாவுடைய போனும் அடித்தது. ஷரிபுதீன். அவளும் எடுத்தாள்.

"என்ன தங்கச்சி, நல்லா ஓடின வீடியோவ ஏன் அழிச்சீங்க? இதில குளிசை கிளிசை என்டு என்னென்னமோ கிடக்கு. எனக்கு இந்த வம்பெல்லாம் வேணாம்."

"ஓம் ஷரிபுதீன் நானா, நான்தான் அழிச்சன்," என்றாள். "கடைசி வரைக்கும் பாத்தீங்களா? இல்லயா? அப்ப கேளுங்க."

"மச்சான், அது அப்பிடியில்ல," என்று முன்னால் ஹிஷாம் கத்தினான். "கேளுங்க, முதல்ல இருந்து செல்லுறன்."

ஆட்டோச் சத்தத்தில் இரண்டு பேருக்கும் எதிர்ப்பக்கத்துக் குரல் கேட்கவில்லை. காலிதீன் வேகத்தைக் குறைத்தான்.