இணைப்பு ஸார் பேரில்

1999 மார்ச். என் பெண் ஹம்சினியின் ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தபோது, தேனாம்பேட்டை ஸ்கேன் சென்டர் ஒன்றிலிருந்து எவனோ எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்குப் போன் செய்தான். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் எடுத்தாள்.

"உங்க வீட்ல யாரோ மார்புல கேன்சர் பத்தி இன்டர்நெட்ல நிறையப் பார்த்திருக்காங்க. டெஸ்டுக்குச் சலுகை இருக்கு. சாயங்காலம் ஸார்கிட்ட பேசறேன்" என்றானாம்.

ஈரத் தலையோடு வந்தேன். "உனக்காம்மா?" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

கட்டி இருப்பது எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். பரீட்சை முடிந்ததும் அவளிடமும் அவள் அப்பாவிடமும் நானே சொல்வதாக இருந்தேன். யாரும் இல்லாத மத்தியானங்களில் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தேன். கூடவே ஒரு கம்பெனியும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது எனக்கென்ன தெரியும்?

ஆட்டோ பிடித்து, எங்களுக்கு இன்டர்நெட் கொடுத்த தி. நகர் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் வெங்கடேஷ் ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினான்.

"தகவலை மத்த கம்பெனிக்குக் கொடுக்கலாம்னு டிக் பண்ணியிருக்கீங்க மேடம்."

கீழே என் கணவர் சங்கரனின் கையெழுத்து. போன், கேஸ், ரேஷன் கார்டு, எங்கள் வீட்டில் எல்லாமே அவர் பேரில்தான். நீட்டிய இடத்தில் போட்டிருக்கிறார் மனுஷன்.

"டிக் அவர் போட்டது. கட்டி எனக்கு வந்தது. என்னை யார் கேட்டா?"

"கனெக்ஷன் ஸார் பேர்ல இருக்கே மேடம்."

"அப்போ உடனே நிறுத்துங்கோ."

"ஸார் வந்து கையெழுத்துப் போடணும். காரணமும் எழுதணும்."

காரணம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேசைமேல் இருந்த போனை என் பக்கம் இழுத்தேன்.

"மேடம், அது ஆபீஸ் போன்."

"இருக்கட்டும். என் வீட்டுப் போன்ல மட்டும் கண்டவன் பேசலாமோ?"

அடையாறில் அவர் வேலை பார்க்கும் பாங்குக்கு டயல் செய்தேன். பணம் கட்ட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"ஏன்னா, நான்தான். எனக்கு மார்புல ஒரு கட்டி இருக்கு. டெஸ்ட் எடுத்தாச்சு. எவனோ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

வெங்கடேஷ் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குழந்தைக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

"தெரியும்," என்றேன். "நான் சொல்லலை."