நாற்பதாவது சிகாகோ

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு திருட்டிலிருந்து வந்தது, திருடியது நான். திருடிய பொருள் விமான டிக்கெட்டின் ஒற்றைத் தாள், அடியில் சிவப்பு மை தடவிய அந்தக் காலத்துத் தாள். எனக்காக எடுக்கவில்லை என்று சொன்னால் குற்றம் குறையும் என்று முப்பது வருஷத்துக்கும் மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். குறைந்தபாடில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். ஏற்கனவே நான்கு முறை தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன். இந்த முறை முடிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாக இல்லை.

2

விட்டுவிட்ட தொடக்கங்களில் இரண்டைக் கீழே வைக்கிறேன். தூக்கிப் போட மனம் வரவில்லை.

"மில்வாக்கி விமான நிலையத்தின்மேல் பனி வெண்பட்டாய் விரிந்து—"

[நிறுத்தினேன். பத்து வருஷம் அங்கே வேலை பார்த்தவள் நான். மில்வாக்கிப் பனி சாம்பல் நிறத்தில் காரின் அடியில் கட்டிதட்டித் தொங்கும். பட்டாவது ஒன்றாவது.]

"டெல்ஃபின் வானத்தைக் காதலித்தாள். மேகங்களுக்கு மேலே—"

[அப்பட்டமான பொய். விமானம் எழும்பும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டுவாள். இறங்கியதும் முதல் வேலையாகக் கழிவறைக்குப் போவாள்.]

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். 1988 டிசம்பர் முப்பத்தொன்று, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. ஒரு சின்ன விமானம், பத்தொன்பது இருக்கைகள். வாசலில் இருபது பேர். வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பவள் நான்.

3

டெல்ஃபின் பிரிபில்ஸ்கி, அறுபத்தொரு வயது. தொத்திறைச்சி ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் பொட்டலம் கட்டி ஓய்வு பெற்றவள். குளிர்காலம் முழுக்க ஒரே பச்சை மஞ்சள் கம்பளித் தொப்பி, காது தெரியாமல் இழுத்துவிட்டிருப்பாள். கைப்பையில் மெழுகுக் காகிதம் சுற்றிய கறுப்பு ரொட்டி, நடுவில் ஈரல் சாசேஜ், பச்சை வெங்காயம். அதைப் பிரித்தால் பத்தொன்பது பேருக்கும் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் எங்கள் கம்பெனியில் ஒரு கூத்து. எவ்வளவு கிட்டத்தில் இருக்கிற ஊருக்குப் பறந்தாலும் குறைந்தது எழுநூற்றைம்பது மைல் உங்கள் பெயரில் எழுதுவார்கள். அந்த ஒரு வருஷத்துக்கு அதையும் மூன்று மடங்காக்கினார்கள். மில்வாக்கியிலிருந்து சிகாகோ அறுபத்தேழு மைல், ஏறி இறங்க அரை மணி. ஆனால் கணக்கில் ஏறுவது இரண்டாயிரத்து இருநூற்றைம்பது. தொண்ணூறாயிரம் சேர்ந்தால் பசிபிக் கடல் தாண்டிப் போய்வர ஒரு இலவச டிக்கெட். டிசம்பர் முப்பத்தொன்றோடு மூன்று மடங்கு முடிந்தது.

அதற்கென்றே பறக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. பெரும்பாலும் கோட்டு போட்ட ஆண்கள். சிகாகோவில் இறங்குவார்கள், ஒரு காபி குடிப்பார்கள், அதே விமானத்தில் திரும்புவார்கள். டெல்ஃபின் காபிகூட வாங்க மாட்டாள்.

"எதுக்கு இந்தப் பாடு?" என்று முதல் தடவை கேட்டேன்.

"பசிபிக்குக்கு அந்தப் பக்கம், செபுத் தீவுல என் தங்கச்சி இருக்கா, கண்ணு. ஐரீன். கன்னியாஸ்திரி. இருபத்தாறு வருஷமா அங்கதான். இப்ப சிறுநீரகம் ரெண்டும் போச்சு. அவளால வர முடியாது. என் பென்ஷன்ல டிக்கெட் வாங்கணும்னா நான் ஒரு வருஷம் பட்டினி கெடக்கணும். இது அதை விடச் சுளுவு."

(கணக்குப் போடுகிற வாசகருக்கு: அவளுக்கு வேண்டியது நாற்பது பயணம். போக இருபது, வர இருபது என்றால் நாற்பதாவது பயணம் சிகாகோவிலிருந்துதானே தொடங்க வேண்டும், மில்வாக்கி வாசலில் எப்படி நிற்கிறாள் என்று கேட்பீர்கள். நவம்பரில் ஒரு நாள் திரும்பும் விமானம் ரத்தாகி, பஸ்ஸில் வந்தாள். என்னைப் பார்த்ததும், "பஸ்காரன் ஒத்த மைல்கூட எழுத மாட்டேங்கிறான்" என்றாள்.)

4

இருபதாவது ஆள் லீலண்ட் வாண்டர்ஹை.

இந்த ஆளோடுதான் நான் அதிகம் மல்லுக்கட்டினேன். முதல் பிரதியில் அவனை ராணுவ வீரனாக்கி, சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க அனுப்பினேன். எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே கண்ணில் நீர் வந்தது. அப்போதே சந்தேகப்பட்டேன். இரண்டாம் பிரதியில் டாக்டராக்கினேன், பெட்டிக்குள் ஒரு இதயத்தோடு. வெட்கமாக இருந்தது.

உண்மையில் அவன் மாடு வளர்ப்பவன். கை இரண்டும் முறம் மாதிரி இருக்கும். அவனுடைய காலை விமானம் பனியால் ரத்து. சாலையில் லாரி கவிழ்ந்து போக்குவரத்து நின்றுவிட்டது. இந்த விமானத்துக்குப் பிறகு அன்றைக்கு வேறு கிடையாது. நாலரைக்கு சிகாகோவில் டல்சா விமானத்தைப் பிடிக்க வேண்டும். டல்சாவில் மனைவி, அவளுடைய அக்கா வீட்டில். "வருஷம் முடியறதுக்குள்ள வந்து நேருல பேசு. இல்லேன்னா வரவே வேண்டாம்" என்று போனில் சொல்லியிருந்தாளாம்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கெடு. நானாக இட்டுக்கட்டியிருந்தால் இப்படி எழுத மாட்டேன், யாரும் நம்ப மாட்டார்கள்.

5

இருக்கை விட்டுத்தருகிறவர் உண்டா என்று மூன்று முறை கேட்டேன். எல்லோரும் அவரவர் ஷூவைப் பார்த்தார்கள். லீலண்ட் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். எனக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து சாப்பிடவில்லை, ஆனால் அது சாக்கு இல்லை. கூட்டத்துக்கு நடுவே வாய்விட்டுச் சொன்னேன்:

"டெல்ஃபின், நீங்கதான் எங்கயும் போகலையே. இவருக்கு விடலாமே?"

கோட்டுக்காரர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் எங்கேயும் போகவில்லை என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

டெல்ஃபின் கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"யாரு சொன்னா எங்கயும் போகலைன்னு? நான் செபுவுக்குப் போறேன். ஆகஸ்டுல கெளம்பினேன். வழியில சிகாகோ நாப்பது தடவை வருது, அவ்வளவுதான்."

[இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். பயணம் என்றால் என்ன, சேருமிடம் என்றால் என்ன என்று. எடுத்துவிட்டேன். அவள் சொன்னதே போதும்.]

6

என் முகம் எரிந்தது. சரிக்கட்டப் பார்த்தேன். அவளை மேசைப்பக்கம் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, வாசலில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழியைச் சொன்னேன். அந்தக் காலத்தில் பயணியின் முகத்தையோ அடையாள அட்டையையோ யாரும் கேட்பதில்லை. கிழித்த தாள்தான் பேசும்.

"உங்க தாளைக் கிழிச்சிடறேன். அவரு உங்க சீட்டுல உக்காரட்டும். நீங்க பறந்ததாத்தான் கணக்காகும். மைல் உங்க பேருக்கு வந்துடும். ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சுது."

"நான் பறக்கலையே."

"யாருக்குத் தெரியும்?"

"ஐரீன் கேப்பா. 'எப்படிடி வந்தே'ன்னு தான் முதல் கேள்வியே கேப்பா. பொய் சொன்னா எனக்குக் காது செவந்துடும், கண்ணு. ஏழு வயசுலேருந்து அவ என் மூஞ்சியப் பாக்கறதில்ல, காதைத்தான் பாப்பா. திருட்டு மைல்ல வந்து, சாகப்போறவ முன்னாடி தொப்பியோட உக்காந்திருக்கவா?"

லீலண்ட் காதில் விழுந்துவிட்டது. "பரவால்லம்மா. நீங்க வாங்கின சீட்டு. நீங்க போங்க" என்றான்.

டெல்ஃபின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன பண்ணித் தொலைச்சே, பொண்டாட்டி வீட்டை விட்டுப் போற அளவுக்கு?"

"அவ பியானோவ வித்துட்டேன்."

"அவகிட்ட கேட்டியா?"

"இல்ல. பால் கறக்கற மெஷின் வாங்க வேண்டியிருந்துச்சு."

"அவ பியானோவ வித்து மாட்டுக்கு மெஷினா? அப்ப நீ லேட்டாத்தான் போகணும். இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுப் போ."

"ஆமாம்மா" என்றான். அந்தப் பெரிய கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

கதவு சாத்த நான்கு நிமிஷம் இருந்தது. டெல்ஃபின் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"போ. விமானத்துல ஒண்ணும் தர மாட்டாங்க. போனதும் முதல்ல பியானோவப் பத்திப் பேசு, பனியப் பத்திப் பேசிக்கிட்டு நிக்காதே." பிறகு என்னிடம் டிக்கெட்டை நீட்டினாள். "இதுல 'போகலை'ன்னு எழுதி வை. திங்கக்கெழமை வந்து வாங்கிக்கறேன். கிழிச்சிடாதே."

"அப்ப செபு?"

"வேற வழி பாக்கறேன். இல்லேன்னா மறுபடி மொதல்லேருந்து பறக்கறேன்."

"ஐரீனுக்கு அவ்வளவு நாள்…"

"தெரியும்" என்றாள். அது ஒன்றைத்தான் மெதுவாகச் சொன்னாள்.

7

விமானம் கிளம்பியதும் அவளுடைய தாளைக் கிழித்து, மற்றவற்றோடு உறையில் போட்டு அனுப்பினேன். காகிதத்தில் இருபது பேர் பறந்தார்கள், விமானத்தில் பத்தொன்பது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். அவள் "வேண்டாம்" என்று சொன்னதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டேன் என்பது அப்போது புரியவில்லை. திங்கட்கிழமை அவள் வந்தபோது டிக்கெட் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அவள் நம்பினாள். நான் தொப்பி போடுகிற வழக்கமில்லை, நல்லவேளை என் காது அப்படிப்பட்டதல்ல.

8

மைல் கணக்கு ஜனவரி நடுவில் தபாலில் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை வாசலில் நின்றாள். அந்தத் தாளை மேசைமேல் வைத்து ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள். தொண்ணூறாயிரம்.

"நீதானே?"

"ஆமா. போய் ஐரீனைப் பாருங்க, டெல்ஃபின். தயவுசெஞ்சு."

திட்டுவாள் என்று நின்றேன். புதிதாக வாங்கிய டிக்கெட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். சிகாகோவுக்கு, முழுக் கட்டணம். அந்தப் பயணத்தால் அவளுக்கு இனி எந்த லாபமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே காற்று சுழற்றியடித்துக்கொண்டிருந்தது.

"இப்பக் கிழி. என் கண்ணு முன்னாடி."

கிழித்தேன். கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டு போனாள். மூன்று மணி நேரம் கழித்து, இறங்கி, நடந்து, நேராக என் மேசைக்கு வந்தாள். தொப்பியைக் கழற்றினாள். அந்தக் குளிர்காலத்தில் அன்றைக்குத்தான் அவள் காதைப் பார்த்தேன்.

"கடனை அடைச்சாச்சு. பாத்துச் சொல்லு, செவந்திருக்கா?"

சிவந்துதான் இருந்தது. வெளியே உறைநிலைக்கும் கீழே இருபது டிகிரி. அன்று மில்வாக்கியில் எல்லோர் காதும் சிவப்பு.

"குளிரு" என்றேன்.

"அப்படியா" என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

9

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் டெல்ஃபின் போய்ச் சேர்வதற்குள் ஐரீன் இறந்துவிடுகிறாள். [அடித்துவிட்டேன். அழவைப்பதற்காக ஒருத்தியைக் கொல்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.]

இரண்டாவதில் ஐரீன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்து, அக்காவை மன்னித்து— [எதற்கு மன்னிப்பு? திருடியவள் நான்.]

மூன்றாவதில் லீலண்டும் மனைவியும் புதுப் பியானோவோடு… [இல்லை. டல்சாவில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. ரொட்டியைச் சாப்பிட்டானா என்பதுகூடத் தெரியாது.]

தெரிந்தது ஒன்றுதான். பிப்ரவரியில் அவள் கிளம்பினாள். மார்ச்சில் எங்கள் வாசல் முகவரிக்கு ஒரு தபால் அட்டை வந்தது. ஒரு பக்கம் செபுவின் மாதா கோயில். மறுபக்கம் தொத்திறைச்சிப் பொட்டலத்தில் விலை எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்து:

"வந்து சேந்துட்டேன். ஐரீன் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தா. தொப்பியக் கழட்டச் சொல்லி முதல்ல காதைத்தான் பாத்தா."

அவ்வளவுதான். என்ன நிறத்தில் இருந்தது என்று எழுதவில்லை. செபுவில் குளிர் கிடையாது, அங்கே என் சாக்கு செல்லாது. நாற்பது பயணத்தையும் பறந்து முடித்தவள் என்று ஐரீன் கண்டிருப்பாளா, அல்லது அதில் ஒரு பயணம் இரண்டு வாரம் பிந்தியது என்று கண்டிருப்பாளா? வெளுப்பு என்று எழுதினால் என்னை நானே விடுவித்துக்கொள்கிறேன். சிவப்பு என்று எழுதினால் அவள் அடைத்த கடனை மறுபடி அவள் தலையில் வைக்கிறேன். இரண்டையும் செய்ய மாட்டேன்.

அட்டையின் கீழ்ப்பாதி காலியாக இருக்கிறது. அவள் இடம் இல்லாமல் நிறுத்தவில்லை. அந்த நிறத்தை நீங்கள் எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன்னால், ஜனவரிக் காற்றில் ஒரு லாபமும் இல்லாமல் அந்த அறுபத்தேழு மைலை அவள் கண்ணை மூடிக்கொண்டு பறந்தாள் என்பதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறேன்.