அம்மாவின் கணக்கில் ஐந்து வருஷம்

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில், எந்தக் கட்டடத்து லிஃப்டின் கம்பிவடத்தை எப்போது மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. ஆபீஸில் அவளுக்குப் பெயரே 'தேதியக்கா'. அவள் குறித்த நாளில் மெக்கானிக் போய்ப் பார்த்தால், வடம் சொல்லி வைத்தாற்போல் தேய்ந்திருக்கும். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் உடம்பு மட்டும் பிடி கொடுக்கவில்லை.

நாற்பத்தேழு வயதில் மாதவிலக்கு கண்ணாமூச்சி ஆடத் தொடங்கியது. இருபத்துமூன்று நாளில் ஒரு தடவை வந்தது, அடுத்தது நாற்பத்தொரு நாளில். அப்புறம் இரண்டு மாதம் ஆளையே காணோம். ஒருநாள் மீட்டிங்கில் கழுத்திலிருந்து காதுவரை குப்பென்று சூடு ஏறி முகம் சிவந்துவிட்டது. எதிரே இருந்த மேலாளர் தன்மேல்தான் கோபம் என்று பயந்து, ஒரு மாதமாக இழுத்தடித்த லீவை அங்கேயே கொடுத்தார். அந்த லீவில் டாக்டரிடம் போனாள்.

"எப்ப நிக்கும்னு ஒரு தேதி சொல்லுங்க டாக்டர். நான் பிளான் பண்ணிக்கிறேன்."

டாக்டரம்மா சிரித்தார். "தேதி எல்லாம் சொல்ல முடியாதும்மா. ரத்தத்துல பாத்தாலும் இன்னிக்கு ஒண்ணு காட்டும், அடுத்த மாசம் வேற காட்டும். பொதுவா அம்பதை ஒட்டி நிக்கும். பன்னெண்டு மாசம் தொடர்ந்து வரலைன்னா நின்னுடுச்சுன்னு அர்த்தம். உங்க அம்மாவுக்கு எந்த வயசுல நின்னுதுன்னு தெரியுமா? அது ஓரளவு கைகொடுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவை ஓசைப்படாமல் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டாள்.

"இதையெல்லாமா குறிச்சு வைப்பாங்க?" என்றாள் அம்மா. பிறகு கரண்டியை நிறுத்தி யோசித்தாள். "இந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம். சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கறப்ப ஏணிமேலயே வேர்த்துக் கொட்டுச்சு. அதுக்கப்புறம் வரவே இல்லை."

குடிவந்த வருஷம் எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து அம்மாவின் பிறந்த வருஷத்தைக் கழித்தாள். நாற்பத்தாறு.

தேதியக்கா தன் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அப்படியானால் தனக்குக் கெடு போன வருஷமே முடிந்துவிட்டது. சந்தேகம் தீராமல் சித்திக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நாப்பத்தாறா?" சித்தியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "உங்கம்மாவுக்கா? ஏன்டி, அந்தக் கணக்குப்படி பாத்தா நான் அவளுக்கு ஆறு மாசம் அக்கா ஆயிடுவேன். நாலரை வருஷம் கழிச்சுப் பிறந்தவடி நான்!"

"போனை வை" என்றாள் அம்மா.

"வயசை அஞ்சு வருஷம் குறைச்சுப் பதிஞ்சது தெரியாதா உனக்கு? மாப்பிள்ளையைவிட மூணு வயசு பெரியவன்னு தெரிஞ்சா சம்பந்தம் முறிஞ்சுடும்னு எங்கப்பாதான்..."

அம்மாவே எட்டிப் போனை அணைத்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. கூடத்தில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க, அவ என்னமோ உளர்றா..."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ என்னைவிட மூணு வயசு பெரியவன்னு. கல்யாணத்தன்னிக்கே உன் தம்பி சொல்லிட்டான்."

அம்மா அடுப்பை அணைத்தாள். அவமானம் போய்க் கோபம் வந்துவிட்டது. "நாப்பத்தொன்பது வருஷமா தெரியுமா? பள்ளிக்கூடத்துச் சர்ட்டிஃபிகேட்டைத் துணிக்கு அடியில ஒளிச்சு ஒளிச்சு வச்சேனே! நரைச்ச ஒத்த முடியைக்கூட உங்க கண்ணுல காட்டாம இருந்தேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லை?"

"அவ்வளவு மெனக்கெட்டு மறைச்சே. அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்றார் அப்பா, குழந்தை முகத்தோடு.

அம்மா ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ஓய்வூதிய அலுவலகத்தில் தன் வயதைத் திருத்தினால் ஏதாவது கூடக் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னாள்.

தேதியக்காவோ நாற்பத்தாறோடு ஐந்தைக் கூட்டி, ஐம்பத்தொன்று என்று பென்சிலால் எழுதிக்கொண்டாள். இன்னும் நாலு வருஷம் இருக்கிறதென்று நிம்மதிப்பட்டாளா, சலித்துக்கொண்டாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வீட்டில் ஜன்னல் எல்லாம் திறந்தே கிடந்தது. கணவர் காதில் மஃப்ளர் கட்டிக்கொண்டு சாப்பிட்டார்.

ஒருமுறை பத்து மாதம் வராமல் இருந்தது. சரி, முடிந்தது கதை என்று மீதமிருந்த நாப்கின் பாக்கெட்டுகளைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் அதே பெண்ணோடு லிஃப்ட் சோதனைக்கு நின்றபோது வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடமே போய்க் கை நீட்ட வேண்டியிருந்தது. "அக்கா, கணக்கு தப்பிடுச்சா?" என்று அவள் சிரிக்காமல் கேட்டதுதான் இன்னும் வலித்தது.

அதுதான் கடைசி என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஒரு வருஷம் கழித்து, மறுபடி டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நாப்பத்தொன்பது முடிஞ்சு ரெண்டாவது மாசத்துல நின்னிருக்கு" என்றார் டாக்டரம்மா.

"நான் அம்பத்தொண்ணுன்னு போட்டிருந்தேன். வடத்துல இவ்வளவு தப்பு பண்ணினா என்னை வேலையைவிட்டே அனுப்பிடுவாங்க டாக்டர்."

"வடத்துக்கு மனசு, தூக்கம், கவலை எதுவும் இல்லையேம்மா. உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்கா. பத்தொன்பது."

"அப்ப குறிச்சு வைங்க. ஒருநாள் கேப்பா."

வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் நின்ற தேதியையும், பக்கத்திலேயே தன் பிறந்த தேதியையும் ஒழுங்காக எழுதி மகளிடம் நீட்டினாள்.

"ஐயோ அம்மா, இதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று முகத்தைச் சுளித்தாள் மகள். ஆனாலும் போனை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்துக்கொண்டாள்.